கரடிக் கூட்டுக்கு வெள்ளை அடித்தோம்

எங்கள் மிருகக்காட்சிசாலையின் வாசலில் ஒரு பெரிய படப் பலகை நிற்கிறது. அதில் ஒரு கண்ணாடிச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நீர்வீழ்ச்சி, நீர்வீழ்ச்சிக்குக் கீழே ஒரு சிறுத்தை காலை நீட்டிப் படுத்திருக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அப்பா, அம்மா, பலூன் பிடித்த ஒரு பிள்ளை. மூன்று பேரும் எந்த ஊர் ஆட்கள் என்று தெரியவில்லை. பெல்மதுளையிலிருந்து பலாங்கொடை போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, இந்த ஏற்றத்தில் வேர்க்க விறுவிறுக்க ஏறி வந்த எவருக்கும் முகம் அப்படி இருக்காது. எதிர்காலத்தில் இங்கே இப்படியெல்லாம் வரப்போகிறது என்று படத்துக்குக் கீழே சிங்களத்திலும் இங்கிலீசிலும் எழுதியிருக்கிறது. தமிழுக்கு இடம் போதவில்லை போலும். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் வைத்த பலகை. இப்போது மழையும் வெயிலும் பட்டு அந்த எதிர்காலம் வெளுத்துப் போய்விட்டது. பலூன் மட்டும் கொஞ்சம் சிவப்பாகத் தெரிகிறது.

நாங்கள் எதையும் சட்டென்று நம்புகிற ஆட்கள் இல்லை. மேலே தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில், புது வீடு கட்டித் தருகிறோம் என்று ஒரு கூட்டம் வந்து நிலம் அளந்தது. தேங்காய் உடைத்தார்கள், கல் வைத்தார்கள், படம் பிடித்தார்கள், வடை தின்றார்கள். அந்தக் கல்லில் இப்போது எங்கள் சித்தப்பா ஆட்டைக் கட்டுகிறார். அதனால் யாராவது சிரித்துக்கொண்டே அளவு டேப்பை இழுத்தால் எங்களுக்கு அந்த ஆட்டுக் கயிறுதான் ஞாபகம் வரும்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் கைவிட்டோம். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொஞ்ச காலம் கோப்பை கழுவினேன். முதலாளியின் நடையை நடந்து காட்டிக்கொண்டிருந்தபோது முதலாளியே பின்னால் நின்றுவிட்டார். ஊருக்கு வந்தேன். தோட்டத்துக்குக் கீழே இருக்கிற இந்த மிருகக்காட்சிசாலையில் கைக்காசு வேலை கிடைத்தது. மானுக்குப் பலாக்குழை வெட்டுவது, தண்ணீர் சுமப்பது, கூடு கழுவுவது. நிரந்தரம் கிடையாது. நாளைக்கு வராதே என்றால் வராமல் இருக்க வேண்டியதுதான்.

கரடிக் கூட்டைப் பார்த்துக்கொள்வது எங்கள் பின் லயத்து அக்கா. சொந்த அக்கா இல்லை, எல்லாருக்கும் அக்கா. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர். முழங்கால் பழுதாகி மலை ஏற முடியாமல் போனதும் அவரும் என்னைப் போல இங்கே கைக்காசுக்கு வந்து சேர்ந்தார். கரடி குட்டியாக எங்கேயோ வறண்ட காட்டுப் பக்கத்திலிருந்து வந்ததாம். வந்த நாளிலிருந்து அதே கூடுதான். மூன்று பக்கம் கம்பி, பின்னால் சுவர், சுவரில் ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் இருட்டாக ஒரு சின்ன அறை. தரை முழுக்கச் சீமெந்து. காலையிலிருந்து கரடி ஒரு மூலைக்கும் மற்ற மூலைக்குமாக நடக்கும். ஒரே இடத்தில் கால் வைத்து, ஒரே இடத்தில் தலையை ஆட்டித் திரும்பும். நடந்து நடந்து சீமெந்தில் அந்த இடம் மட்டும் தேய்த்த சட்டி மாதிரி வழுவழுப்பாகிவிட்டது. உள்ளங்கால் வெடித்துச் சில நாள் ரத்தம் கசியும்.

எங்கள் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிளாக்கரையா சம்பள நாளில் கந்தோர் ஆபீசுக்குள்ளே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இதே மாதிரிதான் நடப்பார். கரடியின் நெஞ்சில் வேறு வெள்ளையாகக் கழுத்துப்பட்டி கட்டினாற்போல ஒரு கோடு. அதனால் நான் கரடிக்குக் கிளாக்கரையா என்று பெயர் வைத்தேன்.

“கிளாக்கரையாவோவ், இந்த மாசமும் சம்பளத்துல வெட்டா?” என்று கம்பிக்கு வெளியே நின்று கும்பிடுவேன்.

“ஏன்டா வாயில்லாத ஜீவனப் போட்டு வதைக்கிற? ஒன் வாயில கொஞ்சம் அதுக்குக் குடு, அதாவது பேசட்டும்” என்பார் அக்கா.

ஒரு நாள் மிருக டாக்டர் வந்து கரடியின் வாயைப் பார்த்துவிட்டு, பல்லெல்லாம் போய்விட்டது, வயதாகிவிட்டது என்று சொன்னார். அன்றைக்கு அக்கா கூடு கழுவி முடித்துவிட்டு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

“சாகறதுக்கு முந்தி இது ஒருக்கா மண்ணுல கால வைக்கணும்டா. மனுசன் செத்தாக்கூட மண்ணுல வைக்கிறோம். இது உசுரோட இருக்கயிலயே மண்ணப் பாக்கலியே.”

நான் அதற்கும் ஏதோ நக்கல் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் துடைப்பத்தை எடுத்துக் கழுவிய இடத்தையே மறுபடி கூட்டினேன்.

ஒரு காலையில் சுப்பவைசர் மாத்தயா எங்களை மான் பட்டிக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார். பக்கத்து ஊர்ச் சிங்களவர், அதனால் ஐயாவுக்குப் பதில் மாத்தயா. எங்களோடு பேசும்போது பாதி அவர் பாஷை, பாதி எங்கள் பாஷை.

“கொழும்பில இருந்து பிளான் ஆக்கள் வாறது. ஒக்கோம கூடும் பாக்கிறது. அதுக்குப் பொறகுதான் புதுசு கட்டிறது. ஹொந்தட்ட வெச்சிக்கோங்க. எனக்கு லஜ்ஜா வர வேணாம்.”

எல்லாக் கூட்டையும் பார்ப்பார்கள், நன்றாக வைத்திருங்கள், எனக்கு வெட்கக்கேடு வரக்கூடாது. இவ்வளவுதான் அவர் சொன்னது. இதிலே சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று வேறு ஊர்க்காரன் நினைப்பான். அவர் அந்தப் பக்கம் போனதும் நாங்கள் மூன்று பேரும் தலையை ஒன்றாக வைத்தோம். மூன்றாவது ஆள் குரங்குக் கூட்டு மாமா. அவரும் எங்கள் தோட்டம்தான்.

“புதுசு கட்டுறதுன்னா பழைய ஆளு எதுக்கு?” என்றார் மாமா. “இது ஆளக் கொறைக்கிற வேல. எவன் கூடு ஊத்தையா இருக்குன்னு பாத்து அவனுக்கு நாளையில இருந்து வராதேம்பாங்க.”

“அப்ப மாமாவுக்கு இன்னைக்கே கடைசி நாள்” என்றேன். “ஒங்க கூட்டுல கொரங்கே மூக்கப் பொத்திக்கிட்டுத்தானே இருக்கு?”

“போடா கொரங்கே.”

“பாத்தீங்களா அக்கா, கூட்டுக்குள்ள ஆளுக கொறையுதுன்னு என்னையும் சேத்துக்கப் பாக்குறாரு.”

அக்கா சிரிக்கவில்லை. அவருக்குத் தோட்டத்து வழக்கம் ஞாபகம் வந்துவிட்டது. கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் தோட்டம் பார்க்க வருகிறார்கள் என்றால் அதற்கு முன்னால் ஒரு வாரம் எங்களுக்குத் தோட்ட வேலை கிடையாது, தோட்டத்தை அலங்கரிக்கிற வேலைதான். ரோட்டோரக் கல்லுக்கு வெள்ளை அடிக்க வேண்டும். மரத்துக்கு இடுப்பளவு வெள்ளை. கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவின் கூரை ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழே பூச்சாடி. பாட்டரி இல்லாத கடிகாரத்தைக்கூடத் துடைத்து மாட்டுவார்கள். வந்த ஆள் ஒரு குறை கண்டுபிடித்தால் துரைக்கு ஏச்சு விழும். துரை கணக்கப்பிள்ளையை ஏசுவார், கணக்கப்பிள்ளை கங்காணியை. கங்காணி யாரை ஏசுவார் என்று எழுத வேண்டியதில்லை. அதனால், பார்க்க வருகிறவர்களுக்கு இல்லாத வசதியெல்லாம் இருப்பதாகக் காட்டுவது எங்களுக்குப் பால்குடியிலிருந்து வந்த பழக்கம்.

“சுண்ணாம்பு வாங்கிட்டு வாடா” என்றார் அக்கா.

வாங்கி வந்தேன். பின்சுவருக்கு வெள்ளை அடித்தோம். துருப்பிடித்த கம்பிக்குக் கறுப்பு மை பூசினோம். தரையில் நீளமாக ஒரு வெடிப்பு இருந்தது. அதைச் சீமெந்துக் குழம்பு வைத்து அடைத்து மேலே தேய்த்துவிட்டோம். தண்ணீர் ஓடுகிற கான் உடைந்த இடத்தை மறைக்கக் காட்டுப் பன்னைச் செடிக் குலைகளைக் கொண்டுவந்து அழகாகச் சாய்த்து வைத்தேன். பைப்பில் தண்ணீர் வந்து எத்தனையோ மாதம். விடியற்காலையில் ஓடையிலிருந்து சுமந்து தொட்டியை நிரப்பி, பைப்பின் மூக்கையும் ஈரத் துணியால் துடைத்து நனைத்துவிட்டேன், இப்போதுதான் மூடினாற்போல.

“கிளாக்கரையாவுக்குத் தலை சீவி விடவா அக்கா?”

“நடக்காம இருந்தாப் போதும்டா. இது நடக்குறதப் பாத்தா ஏதோ சீக்குன்னு நெனைப்பாங்க.”

அதற்கும் அக்கா வழி கண்டுபிடித்தார். ஆட்கள் வருகிற நேரம் பார்த்துக் கித்துள் கருப்பட்டியைக் கஞ்சியில் கரைத்து ஒரு தட்டில் ஊற்றி உள்ளே தள்ளினார். கரடி தட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து நக்கியது. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்த ஆள் மாதிரி அவ்வளவு சாந்தம். பார்த்தால் எனக்கே கரடியாகப் பிறந்திருக்கலாம் என்று தோன்றியது.

குரங்குக் கூட்டு மாமாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல். அவர் கூட்டை யாரும் தொடவில்லை.

வந்தவர்களில் ஒரு மேடம் தமிழ். யாழ்ப்பாணப் பக்கம் என்று வாயைத் திறந்ததும் தெரிந்தது. தோளில் ஒரு பை, கையில் கண்ணாடிச் சிலேட்டுப் போல ஒரு டெப். கூட்டுக்கு முன்னால் நின்று சுவரைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், கரடியை நிறைய நேரம் பார்த்தார்.

“என்னம்மா, இதிலை ஏதும் பிரச்சினை இருக்கோ?”

அக்கா துவாயைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டார். “ஒரு கொறையும் இல்லீங்க மேடம்.”

“தண்ணி ஒழுங்கா வருதோ?”

“வருதுங்க.”

ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து காய்த்துப்போன தோளோடு நான் பின்னால் நின்று தலையை ஆட்டினேன்.

“கரடி எந்த நேரமும் இப்பிடி அமைதியாத்தான் இருக்குமோ?”

“அதுபாட்டுக்கு ஒக்காந்திருக்குமுங்க. சாமி மாதிரி.”

மேடம் சிரித்தார். டெப்பில் ஏதோ குத்தினார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. வேலைக்காரரிடம் சிரிக்கிற பெரிய ஆளின் பைக்குள் என்ன இருக்கிறது என்று எவருக்குத் தெரியும்? ஆனாலும் அவர்கள் போனதும் அக்காவும் நானும் சோதனை பாஸ் பண்ணிய பிள்ளைகள் மாதிரி இருந்தோம்.

பிறகு மழை தொடங்கி, மழை விட்டு, ஒரு நாள் எங்கள் எல்லாரையும் கந்தோர் மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். சுவரில் வெளிச்சம் அடித்துப் படம் காட்டினார்கள். மேடம் சிங்களத்தில் சொல்லி, எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார். எல்லாவற்றையும் ஒரே அடியாகக் கட்ட முடியாது, கட்டம் கட்டமாகத்தான், கடைசிக் கட்டம் முடிய இருபது வருஷம் பிடிக்கும் என்றார். முதலாவதாக இடிக்கப்போவது குரங்குக் கூடு. கரடிக் கூடு கடைசிக் கட்டத்தில்.

நான் மாமாவின் விலாவில் இடித்தேன். “மாமா, மூட்டையக் கட்டுங்க.”

மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. அக்காவுக்கோ உதட்டைக் கடித்தும் சிரிப்பு அடங்கவில்லை. எங்கள் கூட்டை யாரும் தொடப்போவதில்லை, வேலை இருக்கும், சுண்ணாம்பு நம்மைக் காப்பாற்றிவிட்டது என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

வெளியே வந்தபோது மேடம் மாமாவிடம் வந்தார். “ஐயா, உங்கடை குரங்குகளுக்குத்தான் முதல் அதிர்ஷ்டம். மரம், மண், குளம் எல்லாம் வச்சு மேலைப் பக்கத்திலை புதுசாக் கட்டப்போறம். உங்கடை கூடு இருந்த நிலையைப் பாத்த பிறகு வேறை எதையும் முதலாவதாப் போட ஏலாது. வேலையாக்கள் ஒருத்தரையும் நிப்பாட்டேல்லை, பயப்பிடாதேங்கோ.”

அக்காவின் சிரிப்பு நின்றது. “அப்ப கரடிக்குங்க மேடம்?”

“கரடிக்கும் நல்ல இடம் வரும் அம்மா. பெரிய மண் வெளி. ஆனா அதின்ரை கூடு இப்ப நல்லா இருக்குத்தானே? அதாலைதான் கடைசியிலை போட்டிருக்கு.”

அவர் வாகனத்தில் ஏறிப் போய்விட்டார். அக்கா அங்கேயே நின்றார். பல் போன கரடி இருபது வருஷம் காத்திருக்காது என்று எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. மோசமான கூடு எது என்று தேடி வந்தவர்களிடம் எங்கள் கூட்டை மாப்பிள்ளை வீடு மாதிரிக் காட்டி அனுப்பியிருந்தோம்.

“நான் என் கையால அடச்சுட்டேன்டா” என்றார் அக்கா. தரை வெடிப்பைத்தான் சொன்னாரா, வேறெதையுமா என்று நான் கேட்கவில்லை.

அவர்கள் மறுபடியும் அளக்க வருவார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு மூளை சுறுசுறுப்பாகிவிட்டது. “விடுங்க அக்கா. இந்த முறை நான் அலங்காரம் பண்றேன். கம்பி ரெண்ட வளைப்போம், சுவத்துல சாணி அடிப்போம், செத்த எலி ஒண்ணக் கொண்டாந்து தொட்டியில போடுவோம். மேடம் அங்கனயே வாந்தி எடுக்கணும்.”

“ஒண்ணும் வேணாம். பூசுனத எடுத்தாப் போதும். மத்ததெல்லாம் உள்ளதுதானே.”

“சொன்னா நம்பளத்தான் கேப்பாங்க. ஏன் பொய் சொன்னேன்னு கேட்டு வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அந்த மேடம் சிரிக்கிறதே அதுக்குத்தான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு.”

“அனுப்பட்டும்.”

முழங்கால் பழுதான, வேறு வேலை கிடைக்காத மனுஷி சொல்கிற பேச்சா அது? எனக்குப் பயமாக இருந்தது. அவர்கள் வரும் காலையில் அக்கா கம்பி பிரஷ்ஷால் வெடிப்பின் மேல் பூசியதைச் சுரண்டி எடுத்தார். பன்னைக் குலைகளை நான் தூக்கி எறிந்தேன். உடைந்த கான் வெளியே வந்தது. கஞ்சி கொடுக்கவில்லை. ஆனால் எப்போதும் போலக் கூட்டைக் கழுவினார். கழுவாமல் விட அவருக்குக் கை வரவில்லை.

சுப்பவைசர் மாத்தயா வந்து பார்த்தார். “மொகத மே? பிஸ்ஸுத? அன்னைக்கி எவ்வளவு ஷோக்கா இருந்தது! சுண்ணாம்பு கொண்டு வா, இப்ப வந்திருவாங்க!”

என்ன இது, பைத்தியமா என்று அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே நான் நழுவிப் போய், கீழேயிருந்து ஓடி வந்தவன் மாதிரி அவர் முன்னால் மூச்சு வாங்க நின்றேன். “மாத்தயா, பிளான் ஆக்கள் கீழ் கேட்டுல வந்து நிக்கிறாங்க. கேட்டுப் பூட்டுக்குத் தொறப்பு இல்லன்னு கொழும்புக்குக் கோல் எடுக்கிறாங்க போல.”

மாத்தயா சாரத்தை மடித்தாற்போலக் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடினார். கீழ் கேட்டில் ஒரு ஈயும் இல்லை. ஆட்கள் மேல் கேட் வழியாக வந்தார்கள்.

மேடம் கூட்டுக்கு முன்னால் நின்றபோது கரடி நடந்துகொண்டிருந்தது. அந்த மூலை, இந்த மூலை. திரும்பும் இடத்தில் தலையை ஒரு ஆட்டு ஆட்டியது. மேடம் அது மூன்று முறை திரும்பும் வரை பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

“இதுதான் மேடம் எல்லா நாளும்” என்றார் அக்கா. “அன்னைக்கி நாங்க காட்டுனது வேற. தண்ணியும் வர்றதில்ல. இந்தப் பய சொமந்துதான் ஊத்துறான். கான் ஒடஞ்சிருக்கு. கால்ல ரத்தம் வருது.”

“ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை? நான் கேட்டனான்தானே?”

“கேட்டீங்க. பாக்க வர்றவங்ககிட்டக் கொறை சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லீங்க.”

நான் இடையில் புகுந்தேன். “கேக்குறவங்க எல்லாம் எழுதிக்கிட்டுப் போறாங்க மேடம். எழுதுனது யாரு தலையில விழும்னு எங்களுக்கு எப்புடித் தெரியும்?”

அவர் டெப்பைக் கீழே இறக்கினார். கோபமா என்று தெரியவில்லை. “தம்பி, எனக்கும் மேலை ஆக்கள் இருக்கினம். அவையும் என்னட்டைக் கேட்டு எழுதிக்கொண்டுதான் போறவை.” பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். “பிளான் ஒப்பமாகி மேலை போயிட்டுது அம்மா. கட்டத்தை இனி மாத்த ஏலாது. நான் பொய்யாச் சொல்லி உங்களை ஏமாத்தக் கூடாது.”

“புதுசு வேணாமுங்க. இந்தச் சீமெந்துல பாதிய ஒடச்சு மண் போட்டாப் போதும். அது காலு வைக்க.”

மேடம் குனிந்து தரை வெடிப்பைப் பார்த்தார். கம்பி வழியாக அளந்தார். கீழ் கேட்டிலிருந்து மேல்மூச்சு வாங்க ஏறி வந்த மாத்தயாவிடம் சிங்களத்தில் சொன்னார்: தரை வெடித்திருக்கிறது, இது திருத்த வேலை, பிளானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பாதியை உடையுங்கள், சீமெந்து போடாதீர்கள், மண் போடுங்கள், கந்தோருக்கு நான் சொல்கிறேன். மாத்தயா அவரிடம் “ஹரி மிஸ்” என்று சரி சொன்னார். என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சொல்லும் இல்லை, ஒரு கிலோ மிளகாய் இருந்தது.

நான் நம்பவில்லை. அக்காவிடமும் நம்பாதீர்கள் என்றேன். கல் வைத்துவிட்டுப் போன வீட்டைக் கையை நீட்டிக் காட்டினேன்.

ஆனால் மேசன்மார் வந்தார்கள். கரடியைப் பின்னறைக்குள் அடைத்துவிட்டுத் தரையை உடைத்தார்கள். சத்தத்துக்குக் கரடி கதவில் மோதியது. பாதித் தரை துண்டு துண்டாகி அள்ளப்பட்டது. அடுத்த நாள் மண் லொறி வரும், மண் வந்ததும் நாங்களும் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். லொறி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மண்ணுக்குப் பெர்மிட் வேண்டுமாம், டீசலுக்கு ஒப்பம் வேண்டுமாம். கந்தோரில் ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் காட்டியது. கரடி அந்த இருட்டறைக்குள்ளேயே கிடந்தது. அதற்குள் நடக்கவும் இடமில்லை. அக்கா கதவின் ஓட்டை வழியாகக் கஞ்சித் தட்டைத் தள்ளினால் தட்டு அப்படியே திரும்பி வந்தது.

“சொன்னேன்ல” என்றேன். சொன்னதும் எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“காலி உர பேக்கு எத்தன இருக்கு ஒங்க வீட்டுல?”

எங்கள் வீட்டில் இருந்ததையும், சித்தப்பா வீட்டில் இருந்ததையும், கேட்காமல் எடுத்ததையும் சேர்த்துக் கொண்டுவந்தேன். வேலிக்கு மேலே தோட்டத்து ரப்பர் சரிவில் நல்ல கறுத்த மண். நானும் குரங்குக் கூட்டு மாமாவும் வெட்டினோம். அக்கா மலை ஏற முடியாதவர். கீழே நின்று பேக்கை வாங்கி இழுத்து உள்ளே கொட்டினார். தோட்டத்து வாட்சர் மேலே நின்று எவன்டா மண் திருடுகிறவன் என்று கத்தினார்.

“திருடல வாட்சரையாவோவ்! கிளாக்கரையாவுக்கு வூடு கட்டுறோம்!” என்றேன்.

“எந்தக் கிளாக்கரையாவுக்கு?”

“கறுப்பா, உருண்டையா இருப்பாரே!”

வாட்சருக்குக் கந்தோர்க் கிளாக்கரையா ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் எங்களை ஒன்றும் கேட்கவில்லை.

சுப்பவைசர் மாத்தயா பின்னேரம் அந்தப் பக்கம் வந்தார். மண் மூட்டைகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “மம தெக்கே நே” என்றார். நான் பார்க்கவில்லை என்று அர்த்தம். போகும்போது உருண்டு கிடந்த ஒரு மூட்டையைக் காலால் கூட்டுப் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

மண் நிரம்பியதும் அக்கா கதவுச் சங்கிலியை இழுத்தார். கரடி வெளியே வந்தது. வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கியது. மண்ணின் விளிம்புவரை வந்து மூக்கை நீட்டியது, சட்டென்று பின்னால் இழுத்தது. மிஞ்சியிருந்த சீமெந்துப் பாதியில் நடக்கத் தொடங்கியது. முன்பை விட இடம் குறைவு, அதனால் முன்பை விடச் சீக்கிரம் திரும்பியது.

நாங்கள் மூன்று பேரும் மண் கையோடு நின்றோம். அக்காதான் சொன்னார், “நம்ம ஆளுதான்டா அது. சும்மா குடுத்தா நம்புமா?”

அடுத்த நாளும் அப்படியே. அதற்குள் குரங்குக் கூட்டை இடித்துவிட்டார்கள். குரங்குகளைத் தற்காலிகமாக என்று சொல்லிக் கந்தோருக்குப் பின்னால் தகரப் பெட்டி மாதிரி ஒன்றில் அடைத்தார்கள். புதுக் கூட்டுக்கு நான்கு முளை அடித்ததோடு வேலை நின்றது. இப்போதும் நின்றுதான் இருக்கிறது. மாமா அந்தத் தகரத்தின் மேல் காலையில் தண்ணீர் தெளிக்கிறார், சூடு குறைய. அவரிடம் அதிர்ஷ்டத்தைப் பற்றி நான் பேசுவதில்லை.

நான் பலாக்குழை கட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. தண்ணீர் தீர்ந்த குழாயை மோட்டர் இழுப்பது போல ஒரு இரைச்சல், பிறகு புஸ் என்று ஒரு ஊதல், மறுபடியும் இரைச்சல். கரடிக் கூட்டிலிருந்து. இத்தனை காலத்தில் அப்படி ஒரு சத்தம் அது போட்டதில்லை. மூச்சடைத்துச் சாகிறது என்று நினைத்துக் குழையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

“அக்கா! கிளாக்கரையா போறாரு! ஓடியாங்க!”

அக்கா ஏற்கனவே அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரடி மண்ணுக்குள் முன்னங்காலால் ஒரு குழி பறித்து, முகத்தை முழுக்க உள்ளே விட்டிருந்தது. மண்ணை ஊதித் தள்ளியது, பிறகு எதையோ உறிஞ்சியது. ரப்பர் சரிவிலிருந்து மண்ணோடு எறும்பும் வந்திருக்கிறது. கரடியின் மூக்கில் அவை ஓடுவது தெரிந்தது. கால் நான்கும் மண்ணில் இருந்தன. பின்பக்கம் மட்டும் எங்கள் பக்கம்.

“சாகலடா” என்றார் அக்கா. “திங்குது.”

நாங்கள் நெடுநேரம் அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். குழி கீழே இருந்த பழைய கல்லை எட்டியதும் கரடி நகத்தால் ஒருமுறை கீறிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வேறொரு குழி தொடங்கியது.

“இன்னும் கொஞ்சம் ஆழமாப் போட்டிருக்கலாம்டா” என்றார் அக்கா.

மேலே சரிவில் வாட்சரின் தலை தெரிந்தது. இந்த முறை என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே நான் பேக்குகளைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வேலியைத் தாண்டினேன்.